போய்ப் பார்த்து 'இல்லை' என்று எழுதியவருக்கு

நெடுங்காட்டுப்புதூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சமுதாய சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் திருமதி உண்ணாமலை அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் எழுந்து நின்று வாசித்து வழங்கும் மடல்.

கண்டிப்பில் கருணை கலந்தவரே! காய்ச்சல் கண்ட வீட்டின் கதவைக் கை தயங்காமல் தட்டியவரே! வெயிலையும் வசவையும் ஒன்றுபோலவே பொறுத்தவரே! பிள்ளையின் இருமல் ஒன்று கேட்டால் பேசிக்கொண்டிருந்த அதிகாரியையும் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் கோணாமல் நடந்த எங்கள் மூத்தவரே! அக்கா! உங்களை வணங்குகிறோம்.

இப்படியே இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம். ராசிபுரத்து அச்சகம் ஒன்றில் அதற்கென்று ஒரு மாதிரி ஆயத்தமாகவே இருக்கிறது. "வாத்தியாருக்கும் இதேதானுங்க, வி.ஏ.ஓ.வுக்கும் இதேதானுங்க. பேரையும் வருசத்தையும் மாத்திக்கிட்டாப் போதும். சாயந்தரமே பிரேம் போட்டுத் தந்தர்றனுங்க" என்றார் அச்சகக்காரர். வாங்கிப் படித்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆளைப் பார்க்காமல் முன்கூட்டியே நிரப்பி வைத்த தாள் என்ன செய்யும் என்பதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் நாங்கள். அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இதை நாங்களே எழுதினோம். நடை தடுமாறினால் பொறுத்தருள வேண்டும்.

அக்கா, இன்று உங்கள் பணி நிறைவடைகிறது. உங்கள் மீதான விசாரணை நிறைவடையவில்லை. மாலை போட வந்திருக்கும் பெரியவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் நாகரிகம் கருதி யாரும் பேசவில்லை. சென்ற ஆடியில், நம் எல்லையிலுள்ள கோழிப்பண்ணை ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பில் தமிழினி என்ற ஆறு வயதுக் குழந்தை தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள். அவள் நோயுற்றுக் கிடந்த நாட்களில் நம் நிலையத்திலிருந்து போன வார அறிக்கைகளில் அந்தப் பண்ணைக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. அடியில் உங்கள் கையெழுத்து. பாராமல் அறிக்கை கொடுத்தவர் என்று உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அந்தக் கறையோடுதான் நீங்கள் இந்த வாசலைத் தாண்டப் போகிறீர்களா என்பதே இன்று எங்கள் முன் இருக்கும் கேள்வி. மற்ற புகழுரைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும்.

அந்த ஆண்டும் இதே நோய். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் குடியிருப்பிலும் செங்கல் சூளையிலுமாக ஏழு பிள்ளைகள் போனார்கள். ஐந்தாவது பிள்ளை இறந்த பிறகுதான் இது ஒரே நோய் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் நோய் வந்தால் எழுதுவோம். வராவிட்டால் எழுத மாட்டோம். எழுதாத ஊரில் நோயில்லை என்று மேலே நினைத்துக்கொள்வார்கள். செவிலியர் பணியிடம் காலியாக இருந்த ஊர்களும் அந்தக் கணக்கில் நலமாகவே இருந்தன. அங்கேதான் பிள்ளைகள் இறந்தார்கள்.

அப்போது பன்னாட்டுக் குழு ஒன்று வந்தது. கென்யா நாட்டு மருத்துவர் வாஞ்சிரு அம்மையார், பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர் ஒருவர், மொழிபெயர்க்க ஆத்தூர்க் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர். இரண்டு ஜீப், மூன்று கணினி, ஐஸ் பெட்டிகள். பதினொரு வாரம் இருந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த உங்களை அவர்களோடு அனுப்பினார்கள். மற்றவர்கள் ஜீப்பில் ஏற அஞ்சியதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு வந்தது என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொல்வீர்கள்.

கோழிப்பண்ணை வாசலில் நடந்ததை எங்களில் பலர் உங்கள் வாயால் கேட்டிருக்கிறோம். கேட்காதவர்களுக்காக இங்கே சொல்கிறோம். நம் பண்ணைகளின் வழக்கம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் நனையாமல் உள்ளே போகாது. வெளியாள் காலடி பட்டால் கோழிக்கு நோய் வந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. பண்ணை மேற்பார்வையாளர் கேட்டை மூடிக்கொண்டு நின்றார்.

"உள்ளார உட மாட்டமுங்க. கோழிக்குச் சீக்கு வந்துருமுங்க. லட்சம் கோழி நிக்குது. ஆரு பதில் சொல்றது?"

வாஞ்சிரு அம்மையார் கோபப்படவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மருந்துத் தொட்டியில் தாமே இறங்கி நின்றார். கேட்டுக்கு அப்பால் கொட்டகைக் கதவில் தொங்கிய தாளைக் காட்டி அது என்னவென்று கேட்டார். ஒவ்வொரு நாளும் காலையில் செத்துக் கிடக்கும் கோழிகளை எண்ணி எழுதும் தாள் அது. அதில் சில நாட்களுக்கு நேரே வெறும் சுழி போட்டிருந்தது.

"சுழி போட்ட நாளில் ஆள் உள்ளே போனாரா?" என்று ஆசிரியர் மூலம் கேட்டார்.

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள போவாம எப்பிடிங்கம்மா எழுதறது? மூலையில ஒண்ணு செத்துக் கெடந்து நாம பாக்காம உட்டுட்டா, மறுநா நூறு போயிருமுங்க. சாவு இருந்தா எழுதறதுக்குப் பெரிய ஆளு வேண்டாமுங்க. இல்லைன்னு எழுதறதுக்குத்தான் கொட்டாயி பூராவும் நடக்கோணும்."

அம்மையார் உங்கள் பக்கம் திரும்பி, பதினொரு வாரமாகத் தாம் சொல்ல முயன்றதை இந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்றாராம். பிறகு கேட்டின் பின்னால் எட்டிப் பார்த்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகளைக் காட்டி, இவர்களை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் நீங்கள் எண்ணத் தொடங்கினீர்கள்.

அந்தக் குழு விட்டுச் சென்றது என்ன என்று இந்த அவையில் நேர்மையாகப் பேச வேண்டும். ஜீப் இரண்டும் அவர்களோடு போயின. கணினி வேலைக்கு ஒப்பந்தத்தில் சேர்த்த இளைஞர்கள் இரண்டு ஆண்டில் வேலையை விட்டு நின்றார்கள். கணினிகள் துணி போர்த்திக்கொண்டு பண்டக அறையில் உட்கார்ந்தன. தடுப்பூசிக் குளிர்பெட்டி மட்டும் இன்றும் ஓடுகிறது. அதன் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதும் வழக்கமும் அவர்கள் விட்டுச் சென்றதுதான். எல்லாவற்றையும்விட, வாரந்தோறும் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதி அனுப்ப வேண்டும் என்ற அந்த ஒரு தாள் நின்றது. வெவ்வேறு வழிகளில் அதுபோன்ற தாள்கள் நாடெங்கும் நின்றன. இன்று நம் மூலையில் எழுதும் ஒரு வரி மாவட்டம் தாண்டி, சென்னை தாண்டி, தில்லி வரை சில நாளில் போய்ச் சேர்கிறது. அது சிறிய காரியமல்ல. வந்த விருந்தினருக்கு நாம் நன்றி உடையவர்கள்.

வேறு சிலவும் நின்றன. வெளியாள் வந்தால்தான் வேலை நடக்கும் என்ற எண்ணம் நின்றது. அடுத்த ஆண்டு எங்கோ வாந்தி பேதி என்றபோது நிலையத்தில் ஒருவர் பதறி, "அக்கா, டீம் எப்ப வருதுங்க?" என்று கேட்டாராம். நீங்கள் தடுப்பூசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "வந்தாச்சு சாமி. நீயி, நானு, இந்த ஐஸ் பெட்டி. ஏறு வண்டியில" என்றீர்களாம். இன்னொன்றும் நின்றது. அதுதான் கொடியது. தாள் நின்றது; தாளுக்குப் பின்னால் இருந்த நடை தேய்ந்தது. கட்டத்தில் 'இல்லை' என்று வந்துவிட்டால் மேலே யாரும் கேட்பதில்லை என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். அந்த அம்மையார் கற்றுத் தராததை அவருடைய தாளே எங்களுக்குக் கற்றுத் தந்தது.

நீங்கள் அதைக் கற்கவில்லை. புதன்கிழமை தடுப்பூசி, வெள்ளிக்கிழமை பண்ணை. ஒரே நாளில் ஒரு பண்ணைக்கு மேல் போனால் நோயைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று முதலாளிகள் சொன்னபோது, அது சரிதானே என்று ஒப்புக்கொண்டு வாரத்துக்கு ஒரு பண்ணை என்று முறை வைத்தீர்கள். மற்றவற்றைக் கேட்டில் நின்று தாய்மார்களை வெளியே அழைத்து விசாரித்தீர்கள். உள்ளே போகும் நாளில் அங்கேயே குளித்து, அங்கேயே வைத்திருக்கும் புடவையை உடுத்திக்கொண்டு போனீர்கள். அரசாங்கத்தில் யாரும் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

உள்ளே போய் என்ன செய்வீர்கள் என்று முதல் முறை உங்களோடு வந்தவர்களுக்குப் புரியாது. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துத் தலை வாரி விடுவீர்கள். பெண் பிள்ளைக்கு ரெட்டைச் சடை, ஆண் பிள்ளைக்கு எண்ணெய் வைத்து வகிடு. அரசுச் செவிலியர் இதற்கா வந்தார் என்று தோன்றும். உங்கள் விரல்கள் காதின் பின்னாலும் தாடைக்குக் கீழும் போய் வருவதை உற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "ஆ காட்டு கண்ணு, பல்லுல பூச்சி இருக்குதான்னு பாக்கலாம்" என்பீர்கள். தொண்டையைப் பார்த்துவிடுவீர்கள். பரிசோதனை என்று சொன்னால் ஓடும் பிள்ளைகள் தலை வாரிக்கொள்ள ஓடி வரும். அன்பை ஒரு கருவியாக்கினீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. கருவியை அன்பாக்கினீர்கள் என்றே சொல்வோம்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் உங்கள் கணவர் சுவாமிநாதன் அவர்களை இழந்தீர்கள். அவருக்குத் தொற்று என்று தெரிந்த அன்று நிலையத்துப் பட்டியலில் முதல் வீடாக உங்கள் வீட்டை உங்கள் கையாலேயே எழுதினீர்கள். வாசலில் தகரம் அடித்தார்கள். பால்காரர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பதினாறாம் நாள் பணிக்கு வந்தீர்கள். வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "என்ர பட்டியல்ல இருந்தவிங்க எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்பதுதான். ஆறுதல் சொல்லக் காத்திருந்த நாங்கள் பட்டியலை எடுக்கப் போனோம்.

இனி சென்ற ஆடியைச் சொல்ல வேண்டும்.

நோய்ப்பரவலைக் கண்காணிப்பது எப்படி என்று மற்ற வட்டாரச் செவிலியர்களுக்குச் சொல்லித் தர உங்களைச் சேலத்துக்கு மூன்று வாரம் அழைத்தார்கள். பன்னாட்டுக் குழுவிடம் நேரில் கற்றவர் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். நீங்கள் போகும்போது, வெள்ளிக்கிழமைப் பொறுப்பைப் பணியில் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் மோனிஷாவிடம் கொடுத்தீர்கள். எங்களிடமும் சொன்னீர்கள்: "புள்ளையத் தனியா உட்டறாதீங்க."

நாங்கள் விட்டுவிட்டோம்.

ஆடி நோம்பி நெருங்கியிருந்தது. மோனிஷா ஆத்தூரில் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டியிருந்தது. பண்ணையில் அந்த வாரம் கோழிநோய் வதந்தி; கேட்டுக்குப் பூட்டு. மோனிஷா போய்க் கேட்டுத் திரும்பி வந்தார். சுகாதார ஆய்வாளர் ஜீவானந்தம் அன்று அவரிடம் சொன்னதை, ஜீவானந்தம் கேட்டுக்கொண்டபடியே இங்கே எழுதுகிறோம்:

"அவிங்க எப்பவும் உட மாட்டாங்க சாமி. இல்லைன்னு போட்டு உட்டுரு. பத்து வருசமா இல்லைதான். மூணு வாரத்துக்கும் இப்பவே போட்டு வெச்சுட்டீன்னா நோம்பிக்கு நிம்மதியாப் போயிட்டு வரலாம்."

மோனிஷா மூன்று தாளிலும் தேதியை முன்கூட்டியே போட்டு, அந்தப் பண்ணைக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். நோம்பி முடிந்து வந்த பிறகும், எழுதியாயிற்றே என்று போகவில்லை.

அந்தத் தாள்களை நிலையத்தின் தொகுப்பறிக்கையோடு சேர்த்துச் சனிக்கிழமைதோறும் உங்கள் கையெழுத்துக்காகச் சேலத்துக்குக் கொண்டுவந்தவர் மருந்தாளுநர் கிறிஸ்துராஜ். நீங்கள் பேனாவை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள்: "புள்ள பண்ணைக்குப் போனாளா?" அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார்: "போயிட்டு வந்துருச்சுங்க அக்கா." போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறை சொன்னார். இந்த ஆண்டு பெரிய வெள்ளியன்று கோவிலில் பாடுகளின் வாசகத்தில், சேவல் கூவுமுன் சீடர் தம் குருவைத் தெரியாதென்று மூன்று முறை சொல்லும் இடம் வந்ததும் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டதாக அவரே எங்களிடம் சொன்னார். சேவல் கூவ வேண்டியிருக்கவில்லை, பண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே போதும் என்றார்.

தமிழினியின் தாய் ஷாலினி மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பண்ணை விட்டுப் பண்ணை மாறியதில் குழந்தைக்கு ஐந்து வயதில் போட வேண்டிய ஊசி விட்டுப்போயிற்று. இரண்டாவது வாரக் கடைசியில் குழந்தைக்குத் தொண்டை வலி. மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை 'சடையக்கா' வருவார், காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். உங்களைப் பண்ணைப் பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது. யாரும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை என்று நாங்கள் எழுதும்படி நேர்ந்திருக்கும். அதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள்.

பயிற்சி முடிந்த வியாழன் மாலை சேலத்திலிருந்து வந்து, வெள்ளி காலை வீட்டிலிருந்து நேரே பண்ணைக்குப் போனீர்கள். கேட் பூட்டியிருந்தது. மருந்துத் தொட்டியில் இறங்கி நின்றுகொண்டு, திறக்கும் வரை போக மாட்டேன் என்றீர்கள். திறந்தார்கள். முட்டை அட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த குழந்தையின் கழுத்தில் கை வைத்தீர்கள். சடை பின்னவில்லை.

"ஏனுங்க, எத்தன நாளா இப்பிடி வீங்கியிருக்குது?"

"ஆறு நாளுங்க. நீங்க வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தனுங்க."

அந்தப் பதிலை நீங்கள் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். திரும்பச் சொல்லும்படி நாங்கள் கேட்டதில்லை.

குழந்தையை நீங்களே தூக்கிக்கொண்டு சாலை வரை ஓடினீர்கள். ஐம்பத்தொன்பது வயதில், முழங்கால் வலியோடு. ஆம்புலன்ஸ் வந்தது. சேலத்தில் எதிர்நச்சு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து, நோய் தொடங்கிய இரண்டொரு நாளில் கொடுத்தால் காப்பாற்றும். இரண்டாம் நாள் பகலில் தமிழினியின் இதயம் நின்றது. ஷாலினியின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். குழந்தையின் தலையை வாரிக் கொடுக்கச் சொல்லி ஷாலினி கேட்டார். வாரிக் கொடுத்தீர்கள்.

அன்று பிற்பகலே பண்ணைக்குத் திரும்பி, அங்கிருந்த பதினொரு பிள்ளைகளின் தொண்டையையும் பார்த்தீர்கள். இருவருக்கு வெண்படலம் தொடங்கியிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். மாவட்டக் குழு மறுநாள் காலை வந்தது. நான்கு நாளில் சுற்றுவட்டாரத்தில் அறுநூறு பிள்ளைகளுக்கு மேல் ஊசி போட்டோம். அதற்கு வெளிநாட்டிலிருந்து யாரும் வரவில்லை; வர வேண்டியிருக்கவும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஐந்து பிள்ளைகள் போன பிறகு எழுந்த ஏற்பாடு இன்று ஒரு பிள்ளையோடு எழுந்தது. முன்னேற்றம் என்று இதைக் கூட்டங்களில் சொல்கிறார்கள். உண்மைதான். அந்த ஒரு பிள்ளையின் பெயர் தமிழினி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விசாரணை நாளில் நாங்கள் எல்லாரும் வெளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். சன்னல் திறந்திருந்தது. இந்த மூன்று வாரமும் போகாமல் எழுதியது யார் என்று விசாரணை அலுவலர் கேட்டார்.

"கையெழுத்து என்னுதுங்க" என்றீர்கள்.

"எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே?"

"கையெழுத்து என்னுதுங்க ஐயா."

அப்போது எங்களுக்குள் என்ன எழுந்தது என்பதை மறைக்க மாட்டோம். நிம்மதி எழுந்தது. கடவுளைக் கும்பிட்டவர்களும் எங்களில் இருந்தார்கள். நீங்கள் வெளியே வந்து எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். ஒரு சொல் கடிந்து சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டீர்கள்.

மோனிஷா உண்மையைச் சொல்லிவிடுவதாக உங்களிடம் வந்து அழுதபோது தடுத்தவர் நீங்கள். அவர் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பவர். எழுதிக் கொடுத்தால் வேலை போகலாம். "நீ போயிட்டீன்னா வர்ற வெள்ளிக்கெழம அந்தப் பண்ணைக்கு ஆரு போவா? எனக்கு ஒரு வருசம் இருக்குது. உனக்கு முப்பது வருசம் இருக்குது சாமி. அழுவறத நிறுத்திப்போட்டுப் பண்ணையில வெக்கறதுக்கு ஒரு புடவைய எடுத்துக்கிட்டு வா" என்றீர்கள். அன்று முதல் எந்த வெள்ளிக்கிழமையும் மோனிஷா போகாமல் இருந்ததில்லை. இதை அவருக்காகப் பரிந்து சொல்லவில்லை; நடந்தது என்பதால் சொல்கிறோம்.

அக்கா, உங்கள் நோக்கம் எங்களுக்குப் புரிந்தது. தண்டனையைவிட வெள்ளிக்கிழமை பெரிது என்று நினைத்தீர்கள். ஆனால் உங்கள் இரக்கத்தின் நிழலில் நாங்கள் சுகமாக உட்கார்ந்துவிட்டோம். இரக்கம் காட்டியவர் மீது குற்றமில்லை. அதில் படுத்து உறங்கியவர் மீது உண்டு.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை ஷாலினி தன் சின்ன மகனுக்கு ஊசி போட நிலையத்துக்கு வந்தார். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சடையக்கா மேல கேசு நடக்குதாமா? என்ர புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனது அவிங்க ஒருத்திதானுங்களே. வராம இருந்தது ஆருங்க?"

ஊசியைக் கையில் வைத்திருந்தவர் மோனிஷா. கிறிஸ்துராஜ் மருந்து சன்னலில் நின்றிருந்தார். ஜீவானந்தம் பதிவேட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"நாந்தானுங்க" என்றார் மோனிஷா.

ஷாலினி பிள்ளையின் தொடையைத் திருப்பிக் காட்டினார். "அப்பறம் எதுக்கு நின்னுக்கிட்டிருக்கறீங்க? ஊசியப் போடுங்க" என்றார். போட்டு முடிந்ததும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். இந்தப் பக்கத்தில் யாரும் 'வாரனுங்க' என்று சொல்லாமல் ஓர் இடத்தைவிட்டுப் போவதில்லை. அவர் சொல்லாமல் போனார். மன்னித்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இன்றைய விழாவுக்கு அழைத்தோம். வரவில்லை. அதுவும் நியாயமே.

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினோம். யார் எழுதியது, யார் எழுதச் சொன்னது, யார் பொய் சொன்னது என்று ஒன்றும் விடாமல் எழுதி, நாளும் தேதியும் இட்டோம். கொடுக்கத் துணிவு வர இத்தனை நாளாகி, இன்று காலை பத்தரை மணிக்கு விசாரணை அலுவலரின் மேசையில் மூவரும் நேரில் போய்க் கொடுத்து ஒப்புகை வாங்கி வந்துவிட்டோம். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். சென்ற ஆடிக்குப் பிறகு உங்கள் சொல்லை இன்று இரண்டாம் முறை மீறினோம். இதற்காக மட்டும் எங்களைக் கடிந்துகொள்ளுங்கள்.

மோனிஷாவுக்கு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தெரியாது. எங்களில் மற்ற இருவருக்கும் என்ன ஆகும் என்பதும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு யார் போவார் என்று கேட்பீர்கள். அதற்கு விடை இருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் ஆடி பிறக்கிறது. நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவரும், மருந்தாளுநர் உட்பட, ஆய்வகத்து வினோலியா உட்பட, வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். நோம்பிக்குப் போகிறவர் தம் முறையை இன்னொருவரிடம் வாய்விட்டு ஒப்படைத்துவிட்டே போவார். எங்களில் ஒருவரை நீக்கினாலும் மற்றவர் போவார். எல்லாரையும் நீக்கினால், புதிதாக வருபவருக்கு வழி காட்டிவிட்டுப் போவோம். ஆண் பணியாளர்களுக்குச் சடை பின்ன வராது. வினோலியா கற்றுக்கொடுக்கிறார். ஜீவானந்தம் பின்னிய சடையைப் பண்ணைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்; சிரிக்கும்போது தொண்டை தெரிகிறது.

பணியாற்றியவர்களுக்கு ஓய்வு வாழ்த்தும் நாள் இது. உங்கள் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கட்டும். உங்கள் கண்ணுக்குத் தூக்கம் கிடைக்கட்டும். ஓர் ஆண்டாக அது வரவில்லை என்று உங்கள் மகள் சொன்னார். உங்கள் வீட்டுக் கதவை இனிக் கெட்ட செய்தி தட்டாமல் இருக்கட்டும். எங்கோ ஒரு நாட்டில் வாஞ்சிரு அம்மையாரும் முதுமையில் நலமாக இருக்கட்டும். தமிழினியைத் தன் மடியில் வைத்திருக்கும் இறைவன், அவளுடைய தாயின் நெஞ்சைத் தாங்கட்டும். உங்களைப் பல்லாண்டு, உடல் நோகாமல், மனம் குன்றாமல், பேரப்பிள்ளைகளின் நடுவே வைத்துக் காக்கட்டும். நீங்கள் சுமக்க வேண்டாத பாரத்தை இன்று உங்கள் தோளிலிருந்து இறக்குகிறோம். அது யாருடையதோ அவர்கள் கீழே கையொப்பமிடுகிறோம்.

மோனிஷா, கிராம சுகாதாரச் செவிலியர்
மூன்று வாரம் போகாமல் 'இல்லை' என்று எழுதினேன்.

ஜீவானந்தம், சுகாதார ஆய்வாளர்
அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தேன்.

கிறிஸ்துராஜ், மருந்தாளுநர்
"போயிட்டு வந்துருச்சுங்க" என்று மூன்று முறை பொய் சொன்னேன்.

வினோலியா, ஆய்வக நுட்பநர், மற்றும் பணியாளர் எண்மர்
தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பேசவில்லை.